மார்ஷல் இருபத்தொன்று

ராணுவத்தைக் கலைத்துவிட்ட ஒரு நாட்டில், குடிமகன் தன் வீரத்தைக் காட்ட மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அவனுடைய காரின் நான்கு சக்கரங்கள்தான்.

எவேலியோ உமாஞா இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. எரேதியா நகரத்து உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில், காலை இடைவேளையில், காபிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னார். அவர் குடிமையியல் ஆசிரியர். கோஸ்தா ரிக்காவில் படைக்குப் போக வேண்டிய பணம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று என்று பத்தொன்பது வருடமாக வகுப்பில் நடத்திக்கொண்டிருப்பவர். அந்தப் பணம் தன்னைத் தாண்டி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று என்பதுதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அப்ப சைக்கிள்ல போறவன் அரை வீரனா?" என்றார் பௌதிக ஆசிரியர் ஓல்கெர் கோத்தோ, ரொட்டியைக் காபியில் முக்கியபடி.

"கேலி வேண்டாம் ஓல்கெர். மத்த நாட்டுக்காரன் வருஷத்துக்கு ஒரு நாள் டாங்கியை ரோட்டுல ஓட்டிக் காட்டுறான். நாம எதைக் காட்டுறது?"

"கல்வியைக் காட்டணும்னு பாடப்புத்தகத்துல இருக்கு. நீங்கதான் நடத்துறீங்க."

"அது பரீட்சைக்கு" என்றார் எவேலியோ.

எவேலியோவுக்கு நாற்பத்தைந்து வயது. இந்த வயதுக்குள் அவர் பதினொரு பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். பதினொன்றிலும் மாற்று உறுப்பினராக. இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பூந்தொட்டி வாங்கினாலும் அதற்கு ஒரு குழு உண்டு. குழுவில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் போய் உட்காரலாம். ஆனால் எரேதியா மலைக்காற்று அடிக்கும் ஊர். முதல் ஆட்களுக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆசிரியர் கூட்டுறவுச் சங்கம், கோயில் திருவிழாக் குழு, தெருக் குடிநீர்க் குழு எல்லாவற்றிலும் எவேலியோ சுவரோரமாக உட்கார்ந்து, ஆரோக்கியமான மனிதர்கள் கை தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையில் அவருக்கு ஸ்டெப்னி என்று பெயர். எப்போதும் கூடவே இருப்பார், எப்போதும் டிக்கிக்குள் இருப்பார் என்பது பொருள். இந்தப் பெயரை வைத்தது ஓல்கெர்தான். அது எவேலியோவுக்குத் தெரியாது.

பிப்ரவரியில் அவர் மின்சாரக் கார் வாங்கினார். டிக்கியைத் திறந்து கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெப்னி இல்லை. பங்க்சருக்கு ஒரு பசை டப்பா மட்டும் இருந்தது. மின்சாரக் கார்களுக்கு ஸ்டெப்னி தருவதில்லை என்று விற்பனைப் பெண் சொன்னபோது, எவேலியோ அதைத் தன் வாழ்க்கையைப் பற்றிய அறிவிப்பாக எடுத்துக்கொண்டார். அந்த வாரமே எரேதியா மின்கார் உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்தார். முப்பத்து நான்கு உறுப்பினர்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை தலைவர் தேர்தல். சங்க விதிகளை எழுதியவர் அவசரத்தில் மாற்றுத் தலைவர் என்ற பதவியை எழுத மறந்திருந்தார். ஆக, ஜெயித்தால் தலைவர், தோற்றால் ஒன்றுமில்லை. நடுவில் உட்காரச் சுவரோர நாற்காலி கிடையாது. இதுதான் தன் கடைசி வாய்ப்பு என்று எவேலியோவுக்கு உறைத்தது. இரவில் படுக்கையில், 'தலைவர் எவேலியோ உமாஞா' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எதிர்த்து நின்றவர் சினியா அர்ரியேத்தா. குடிநீர் அலுவலகத்தில் குழாய்களுக்கு அளவெடுக்கும் இன்ஜினியர். எவேலியோ வைத்திருந்த அதே கார், அதே வருடம், சாம்பல் நிறம்கூட அதே. கம்பெனி கொடுத்த பதினெட்டு அங்குலச் சக்கரத்தை, காற்றைக் கிழிக்க வசதியாக அதன்மேல் கம்பெனியே மாட்டிய பிளாஸ்டிக் மூடியோடு, அப்படியே ஓட்டினார். ஞாயிறுதோறும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அட்டவணை போடுவார்: எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு மின்சாரம், டயரில் எவ்வளவு காற்று. கீழே ஒரு வரிகூட எழுத மாட்டார்.

"மூடி போட்ட சட்டி" என்றார் எவேலியோ. "அந்தம்மா ஓட்டுறது கார் இல்ல, அடுப்புலேர்ந்து இறக்கின குழம்பு."

சங்கம் அதோடு இரண்டாகப் பிளந்தது. பெரிய சக்கரக் கட்சி, சின்னச் சக்கரக் கட்சி. முப்பத்து நான்கு பேருக்குள் ஆளுக்கொரு கொடி வந்தது. தேர்தல் நடத்த மூன்று பேர் கொண்ட நடுவர் மன்றமும் வந்தது. ஓய்வு பெற்ற பத்திர எழுத்தரான ஃபுளோரி அம்மாள் அதற்குத் தலைவி. மனிதர்கள் பதவிக்காகச் சண்டை போட ஒரு காரணம் வேண்டும். இவர்களுக்குப் பதினெட்டு அங்குலச் சக்கரத்துக்கும் இருபத்தொரு அங்குலச் சக்கரத்துக்கும் நடுவே உள்ள மூன்று அங்குலம் போதுமாக இருந்தது.

பெரிய சக்கரக் கட்சியின் வேட்பாளரிடம் பெரிய சக்கரம் இல்லை என்ற சின்னக் குறை ஒன்று இருந்தது. அதைத் தீர்க்க எவேலியோ ஒரு சனிக்கிழமை கிரெய்வின் கடைக்குப் போனார். ஓல்கெர் பிரச்சாரச் செயலாளர் என்ற முறையில் கூடப் போனார்; அன்றைக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம்.

கிரெய்வினுக்கு முப்பது வயது இருக்கும். விரல் இடுக்கெல்லாம் ரப்பர் கறுப்பு. அவன் கடைச் சுவரில் அலாய் வீல்கள் கோயில் விளக்கு மாதிரி வரிசையாகத் தொங்கின. எந்த வெளிநாட்டுக்காரன் பெயர் வைத்தானோ, அந்த வரிசை முழுக்கப் பட்டாளப் பெயர்கள். பதினெட்டு அங்குலம் சார்ஜண்ட். பத்தொன்பது கேப்டன். இருபது கர்னல். எல்லாவற்றுக்கும் மேலே, தனி விளக்கு போட்டு, கறுப்பும் செம்புமாக ஒன்று: மார்ஷல் இருபத்தொன்று. படையே இல்லாத நாட்டில், ஒரு டயர்க் கடைச் சுவரில் மட்டும் முழு ராணுவமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க காருக்கு சார்ஜண்ட் போதும் வாத்தியாரே" என்றான் கிரெய்வின்.

"என்னைப் பாத்தா சார்ஜண்ட் மாதிரியா இருக்கு?"

"உங்களைச் சொல்லல, காரைச் சொன்னேன். ரொம்ப ஆசைன்னா கேப்டன். அதுக்கு மேல வேணாம்."

"மார்ஷல் யாருக்கு?"

"மார்ஷல் யாருக்கும் இல்ல வாத்தியாரே. அது சுவத்துக்கு."

ஓல்கெர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எவேலியோ மார்ஷலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிரெய்வின் நல்லவன், நல்லவர்களுக்கு விளக்கும் வியாதி உண்டு. அவன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

"மின்சாரக் காருக்கு டயர் எடுக்கிறது மூணு விஷயம். ஒண்ணு, எடை. உங்க கார் ரெண்டு டன்னுக்கு மேல. பாட்டரி அவ்வளவு பாரம். பாரம் தாங்குற டயரா பாத்து எடுக்கணும், அழகு அப்புறம். ரெண்டு, இழுப்பு. நீங்க மிதிச்ச நொடியே வண்டி பாயும். மெது ரப்பரா இருந்தா அழிரப்பர் மாதிரி தேஞ்சு போயிடும். மூணு, சத்தம். இஞ்சின் சத்தம் கிடையாதுல்ல, அதனால டயர் சத்தம் நேரா காதுக்குள்ள வரும். உள்பக்கம் நுரை ஒட்டின டயர் இருக்கு, நிம்மதியா இருக்கும். சக்கரம் பெருசாக ஆக ஒரு சார்ஜுக்கு ஓடுற தூரம் குறையும். அதை நான் சொல்ல வேணாம், சினியா அம்மா அட்டவணை போடுறாங்களே."

கடைசி வாக்கியத்தோடு மற்ற வாக்கியங்களும் செத்துப்போயின.

"மார்ஷலை இறக்குங்க" என்றார் எவேலியோ.

"வாத்தியாரே, ஆஃப்செட்டுனு ஒண்ணு இருக்கு. சக்கரம் உள்ள எவ்வளவு உக்காரும், வெளிய எவ்வளவு நீட்டும்னு சொல்ற நம்பர். உங்க காருக்கு நாப்பத்தஞ்சு. மார்ஷல் இருபத்தஞ்சுலதான் வருது, அகலமும் ஜாஸ்தி. மாட்டினா மட்கார்டைத் தாண்டி மூணு சென்டிமீட்டர் வெளிய நிக்கும்."

"மூணு சென்டிமீட்டர்."

"ஆமா."

"கிரெய்வின், உங்க கடை விலாசம் என்ன?"

கிரெய்வின் புரியாமல் ஓல்கெரைப் பார்த்தான். "பழைய பால் பண்ணையிலேர்ந்து கிழக்கே முந்நூறு மீட்டர்."

"அது இருந்த இடத்துலேர்ந்து நான் எண்ணிக்கிட்டுதான் வந்தேன். நானூத்திப் பத்து மீட்டர். பால் பண்ணை எங்க?"

"அது எரிஞ்சு முப்பது வருஷம் ஆச்சே."

"இல்லாத பால் பண்ணையிலேர்ந்து நூத்திப் பத்து மீட்டர் தப்பா கடை வச்சிருக்கிற ஆளு, என்கிட்ட மூணு சென்டிமீட்டர் கணக்குப் பேசுறீங்க."

கிரெய்வின் எழுந்து ஏணியைத் தேடினான்.  எங்கள் ஊரில் விலாசம் என்றால் ஓர் அடையாளத்திலிருந்து மீட்டர் கணக்குத்தான்; ஒரு தெரு முனையிலிருந்து அடுத்த தெரு முனை நூறு மீட்டர். அது உண்மையில் எழுபது மீட்டராக இருக்கலாம், நூற்று நாற்பதாக இருக்கலாம். விலாசத்தில் நூறுதான். தபால்காரரும் அப்படித்தான் நடக்கிறார், தீயணைப்பு வண்டியும் அப்படித்தான் வருகிறது, பால் பண்ணைக்கு வந்து சேராததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். இதையெல்லாம் குறைபாடு என்று பொதுவாகச் சொல்வார்கள். எவேலியோ மட்டும் இதை இயற்கை விதி என்று நம்பினார். மீட்டருக்குப் பொருந்துவது சென்டிமீட்டருக்கும் பொருந்தும் என்பது அவர் கணக்கு.

டயர் தேர்வு சீக்கிரம் முடிந்தது. இருந்ததிலேயே மிருதுவான ரப்பர், பந்தயத் திடலில் ஓட்டுவதற்கானது, கழுகு நகம் கீறியது போல் கோடுகள்.

"இது ஈரத்துல பிடிக்காது" என்றான் கிரெய்வின்.

"இங்க எப்ப மழை?"

"மே மாசத்துலேர்ந்து நவம்பர் வரைக்கும்."

"மத்த மாசமெல்லாம் பிடிக்கும்ல?"

"பிடிக்கும்" என்று கிரெய்வின் ஒத்துக்கொண்டான்.

கம்பெனி கொடுத்த பழைய சக்கரங்களை எவேலியோ இணையத்தில் விளம்பரம் போட்டு விற்றார். வடக்கே உபாலாவிலிருந்து ஒருவர் லாரியோடு வந்து எடுத்துப் போனார். அன்னாசிப் பழம் இழுக்கும் டிரெய்லருக்கு மாட்டப்போவதாகச் சொன்னார். "சரியான இடத்துக்குத்தான் போகுது" என்று எவேலியோ வாழ்த்தி அனுப்பினார்.

மார்ஷல் மாட்டிய கார் பள்ளிக்கூட வாசலில் நின்ற முதல் நாள், மாணவர்கள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சக்கரங்கள் காரின் உடம்பை விட்டு வெளியே பிதுங்கி, சின்னச் சட்டைக்குள் நுழைந்த பெரிய ஆளின் தோள் போல நின்றன. எவேலியோ சாவியைச் சுழற்றிக்கொண்டே மெதுவாக நடந்தார். பத்தொன்பது வருடத்தில் மாணவர்கள் அவருக்காக ஒதுங்கி வழிவிட்டது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் அந்தக் காரை ஓட்ட வேண்டியிருந்தது.

அவர் தெருவில் ஒரு குழி இருந்தது. நகராட்சி வரும் வரும் என்று பார்த்து அலுத்துப்போன யாரோ அதில் ஒரு வாழைக்கன்றை நட்டிருந்தார்கள். அது இப்போது இலை விட்டு நல்ல தளதளப்பாக இருந்தது. அதைச் சுற்றிப் போகும்போது எவேலியோ காரை நிறுத்தி, இறங்கி, குனிந்து, டயரின் ஓரத்துக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஏறுவார். பந்தயத் திடலுக்கான டயர் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வாழைக்கன்றைக் கடந்தது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர்கள் இந்த விழாவுக்குப் பழகிப்போய், காபி குடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட்டில் சங்கம் புந்தரேனாஸ் கடற்கரைக்கு ஒரு சுற்றுலா போயிற்று. திரும்பி மலையேறும்போது எவேலியோவின் பாட்டரி பாதி வழியிலேயே சிவப்பைக் காட்டியது. முன்பு நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய கார் இப்போது முந்நூற்றைத் தாண்டத் திணறியது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் சார்ஜர் குத்தி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். சினியாவின் கார் கடந்து போயிற்று. அவர் நிறுத்தவில்லை, ஆனால் கையை உயர்த்தி மரியாதையாக வணக்கம் சொன்னார். அதுதான் எவேலியோவால் பொறுக்க முடியவில்லை.

"என்ன ஆச்சு வாத்தியாரே?" என்று குழுவில் ஒருவர் கேட்டார்.

"பாட்டரிக்கு ஓய்வு கொடுக்கிறேன்" என்று எழுதினார் எவேலியோ. "உயர்ந்த இயந்திரங்களுக்கு அது தேவை."

அந்த ஞாயிறு சினியா போட்ட அட்டவணையில் புந்தரேனாஸ் பயணம் ஒரு வரியாக இருந்தது. எவேலியோ அதை மூன்று தடவை படித்தார். அதன்பிறகுதான், அட்டவணையிலிருந்து எல்லார் கண்ணையும் வேறு பக்கம் திருப்ப, அவருக்கு ஒரு யோசனை வந்தது.

வாகனச் சோதனை நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு மாமரத்தின் கீழ், ஒருவன் டயர் வாடகைக்கு விடுகிறான். அவனுக்கு ஆக்டோபஸ் என்று பெயர். இரண்டு கையாலேயே நான்கு சக்கரத்தையும் பதினோரு நிமிடத்தில் கழற்றி மாட்டுவான். தேய்ந்த டயரோடு வருகிறவர்கள் அவனிடம் நல்ல சக்கரத்தை வாடகைக்கு மாட்டிக்கொண்டு போய்ச் சோதனையில் தேறி, கண்ணாடியில் வில்லை ஒட்டிக்கொண்டு, திரும்பி வந்து தேய்ந்ததையே மாட்டிக்கொண்டு போவார்கள். இது ரகசியமில்லை, பெரிய எழுத்தில் பலகையே இருக்கிறது. ஆனால் அங்கே போனதாக யாரும் ஒத்துக்கொண்டதும் இல்லை.

செப்டம்பர் முதல் வாரக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. பன்றிக்கறி வறுவலும் சூடான வெல்லத் தண்ணீரும் கொடுத்தார்கள். எவேலியோ எழுந்து ஒரு தீர்மானத்தை முன்வைத்தார். வேட்பாளர்கள் தேர்தல் நாளன்று செல்லுபடியாகும் சோதனை வில்லையைக் கண்ணாடியில் காட்ட வேண்டும். அதோடு, வாடகைச் சக்கரத்தில் சோதனைக்குப் போகும் எந்த உறுப்பினரும் சங்கத்திலிருந்து நீக்கப்பட வேண்டும்.

"வாடகைச் சக்கரத்துல போறவன் இன்ஸ்பெக்டரை ஏமாத்தல, தோழர்களே" என்றார். "தேசத்தை ஏமாத்துறான். நாலு சக்கரத்தையும் கழட்டிக் கொடுத்துட்டு, வெறும் ஜாக்கி மேல நிக்கிற காரை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். மாமரத்தடியில, கால்சட்டை இல்லாத மனுஷன் மாதிரி நிக்கும். அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்து செல்போன் பாத்துக்கிட்டிருப்பான். அவனுக்கு வெக்கம் கிடையாது. அப்படிப்பட்ட ஆளு என் சங்கத்துல எனக்குப் பக்கத்துல உக்காந்து பன்றிக்கறி திங்கக் கூடாது."

சிலர் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

சினியா கை தூக்கினார். "ஒரு சந்தேகம். காசு கொடுத்து வாடகைக்கு எடுத்தா மட்டும்தானா? தெரிஞ்சவங்ககிட்ட சும்மா இரவல் வாங்கினா?"

எவேலியோ இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மேடையில் நிற்கிறவர் யோசிப்பது போல் தெரியக் கூடாது. "இரவலும்தான்" என்றார். "இரவல் இன்னும் கேவலம்."

"சரி, நான் ஆதரிக்கிறேன்" என்றார் சினியா.

ஃபுளோரி அம்மாள் எண்ணினார். முப்பத்து நான்கு கைகளும் உயர்ந்தன. சில கைகள், கனமான பையைத் தூக்குவது போல, கொஞ்சம் மெதுவாக.

எவேலியோவின் கார் எண் ஒன்பதில் முடிகிறது. ஒன்பதில் முடிந்தால் செப்டம்பரில் சோதனை. தேர்தலுக்கு முந்தைய திங்கட்கிழமை அவர் போனார். போகும் வழியில் மாமரத்தைக் கடந்தபோது ஒலிப்பானை ஒரு முறை அழுத்தினார், ஏளனமாக. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மெது ரப்பர் நிலையத்தின் ஈரத் தரையில் ஒரு சாண் வழுக்கி நின்றது. சோதனை செய்த பெண் மட்கார்டின் ஓரத்தில் ஒரு நேர்க்கோலை நிமிர்த்தி வைத்தாள். கோல் டயரில் இடித்தது.

"வெளிய நீட்டிக்கிட்டிருக்கு அய்யா."

"எவ்வளவு?"

"எவ்வளவுங்கிறது கேள்வி இல்ல. நீட்டக் கூடாது."

"அம்மா, மூணு சென்டிமீட்டர். இந்த நாட்டுல நூறு மீட்டர்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் அய்யா. என் வீடே கல்லறைத் தோட்டத்திலேர்ந்து வடக்கே இருநூறு மீட்டர்" என்றாள் அவள். "இது சொந்த வீலா?"

"சொந்தம்" என்றார் எவேலியோ நெஞ்சை நிமிர்த்தி.

"வாழ்த்துகள். ஆனா பாஸ் இல்ல. சரி பண்ணிட்டு மறுபடி வாங்க."

அன்று மாலை ஓல்கெர் வீட்டு வாசலில் கார் நின்றது. எவேலியோ உள்ளே வரவில்லை. ஓல்கெர்தான் வெளியே போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"கிரெய்வின்கிட்டக் கேட்டேன். சரியான அளவு கப்பல்ல வரணுமாம், ஆறு வாரம்" என்றார் எவேலியோ. "சார்ஜண்ட், கேப்டன் எல்லாம் வித்துப்போச்சு. அதுவரைக்கும் மாட்ட நம்ம வண்டிக்கு வேண்டிய அஞ்சு போல்ட்டு சக்கரம் ஒண்ணும் அவன்கிட்ட இல்ல."

"உபாலாக்காரர்?"

"போன் பண்ணினேன். ரெண்டு டயரை அன்னாசி லோடு நசுக்கிடுச்சாம்."

ஓல்கெர் வாசலில் நின்ற தன் காரைக் கை காட்டினார். "என்னோடது நாலு போல்ட்டு. உங்க வண்டிக்கு அப்படியே பொருந்துற செட்டு இந்த ஊர்ல ஒரு ஆளுகிட்டதான் இருக்கு. அந்தம்மா கேட்டா கொடுப்பாங்க."

"சினியாகிட்டயா?"

"அதே மாடல்தானே."

"அந்தச் சட்டி மூடியை மாட்டிக்கிட்டு, அவங்க தயவுல ஜெயிச்சு, அவங்களுக்கே தலைவராகணுமா நான்? அதுவுமில்லாம இரவல் குத்தம். விதி இருக்கு."

"விதியை எழுதினது நீங்க."

"எழுதினேன். அதனாலதான் மதிக்கிறேன்."

"அப்ப சனிக்கிழமை வில்லை இல்லாம நிக்க முடியாது வாத்தியாரே. ஃபுளோரி அம்மா பேரை அடிச்சிடுவாங்க. போட்டியே இல்லாம அந்தம்மா தலைவர்." ஓல்கெர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். "இல்லன்னா மாமரம். அது அவனுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

எவேலியோ திரும்பி அவரைப் பார்த்தார்.  "இப்படி யோசனை சொல்ற ஆளு என் பிரச்சாரச் செயலாளரா இருக்க முடியாது ஓல்கெர்."

"சரி, விட்டுட்டேன்" என்று ஓல்கெர் இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் வீட்டில் இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

செவ்வாயும் புதனும் எவேலியோ குறுக்கு வழி தேடினார். மட்கார்டின் மேல் கறுப்பு ரப்பர்ப் பட்டை ஒட்டிப் பார்த்தார். அது மழையில் கழன்று பள்ளிக்கூட வாசலில் பாம்பு போல் கிடந்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அலற வைத்தது. வியாழக்கிழமை வகுப்பில் சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற பாடம். பாதியில் நிறுத்திவிட்டு, மாணவர்களைத் தாங்களாகப் படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு விடுப்பு சொன்னார், காய்ச்சல் என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய வகுப்புக்கு ஒரு மாற்று ஆசிரியர் போனார்.

காலை ஏழரைக்கு மாமரத்தடிக்கு வந்தார். தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டிருந்தார். சட்டையில் குத்தியிருந்த பெரிய சக்கரக் கட்சியின் பொத்தானைக் கழற்றி உள்ளே போட்டிருந்தார். அங்கே அவருக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றன. மூன்றும் மின்சாரக் கார்கள். முதல் கார் ஜாக்கி மேல், நான்கு சக்கரமும் இல்லாமல் நின்றது. அதற்குள் சங்கத்தின் பொருளாளர் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பெரிய சக்கரக் கட்சியின் கொடியைத் தைத்துக் கொடுத்த தையற்காரர். மூன்றாவதில், தலையில் துணி சுற்றி, காரின் கையேட்டை வரி வரியாகப் படித்தபடி, தேர்தல் நடுவர் மன்றத்தின் தலைவி ஃபுளோரி அம்மாள்.

எங்கள் ஊரில் பேருந்தில் ஏறினால்கூட முன்பின் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம். அந்த மாமரத்தடியில் அன்றைக்கு யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நான்கு பேரும் மாமரத்தை ஆழமாகப் பார்த்தார்கள். அதில் காய் ஒன்றும் இல்லை.

ஆக்டோபஸ் ஒவ்வொருவராக அனுப்பினான். திரும்பி வந்தவர்களின் சக்கரத்தைக் கழற்றினான். ஒன்பதே முக்காலுக்கு எவேலியோவின் ஜன்னலில் வந்து குனிந்தான். நெற்றியில் வேர்வை, வாயில் ஒரு போல்ட்.

"அஞ்சு போல்ட்டா அண்ணே?"

"அஞ்சு."

"மின்சார வண்டிக்கு ஒரே செட்டுதான் வச்சிருக்கேன். இப்பதான் தலையில துணி சுத்தின அந்தம்மா கொடுத்துட்டுப் போனாங்க, சூடு ஆறல. பாரம் தாங்கும், பயப்படாதீங்க. பாக்க சுமாரா இருக்கும். மூடி போட்டது." மார்ஷலை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். "இதை மாட்டிக்கிட்டா சோதனைக்குப் போனீங்க?"

எவேலியோ தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார்.

"பேரு சொல்லுங்க, உங்க வீல்ல சாக்பீஸால எழுதி வச்சிக்கிறேன். மாறிப் போயிடக் கூடாது."

எவேலியோ வாயைத் திறந்து மூடினார். "ஓல்கெர்" என்றார்.

ஆக்டோபஸ் மார்ஷலின் உள்பக்கத்தில் அந்தப் பெயரைப் பொடியாக எழுதினான். "நல்ல பேரு. இன்னொரு ஓல்கெர் வருவாரு, நாலு போல்ட்டுக்காரரு. வருஷா வருஷம் வருவாரு" என்றபடி ஜாக்கியை வண்டிக்கடியில் தள்ளினான்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உயர்ந்தது. எவேலியோ இறங்கினார். தூறல் ஆரம்பித்திருந்தது. ஆக்டோபஸ் மரக்கிளையில் கட்டியிருந்த தார்ப்பாயை அவர், ரோட்டிலிருந்து கார் தெரியாதபடி, அந்தப் பக்கமாகக் கொஞ்சம் இழுத்து, முடிச்சுப் போட்டார். அவன் முதல் சக்கரத்தைக் கழற்றிப் போல்ட்களை நீட்டியபோது, அவற்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மூடி போட்ட இரண்டாவது சக்கரத்தை, யாரும் சொல்லாமலே, அவரே உருட்டிக்கொண்டு வந்தார்.